கோட்டைத் தாண்டிய விலை

குலசேகரம் தன் குருவைத் தேடிப் போனபோது அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. குருவுக்கு முப்பத்தாறு.

குருவின் பெயர் நிலாந்தி. லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒரு மீன்கடைக்கு மேலிருந்த வீட்டில் குடியிருந்தாள். வாரத்தில் நான்கு நாள் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலை. மற்ற மூன்று நாளும் மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை சாப்பாட்டு மேசையில் இரண்டு கணினித் திரைகளைத் திறந்து வைத்துக்கொண்டு குதிரைப் பந்தயச் சந்தையில் இருப்பாள். ஏழு வருடமாக அங்கே நிலைத்து நிற்கிறாள் என்று ஊர்ச் சனத்துக்குள் பேச்சு. அங்கே ஏழு மாதம் நின்றவர்களையே விரல்விட்டு எண்ணலாம்.

குதிரைகளைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. பெயரைக்கூட வாசிக்க மாட்டாள்.

அந்தச் சந்தை அப்படிப்பட்டது. அங்கே பந்தயம் கட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் எதிராகக் கட்டுகிறார்கள். ஒரு குதிரை வெல்லும் என்றும் கட்டலாம், வெல்லாது என்றும் கட்டலாம். வென்றால் எத்தனை மடங்கு கிடைக்கும் என்பதுதான் விலை. குதிரைகள் ஓடத் தொடங்குவதற்கு முந்திய பத்து நிமிடம் அந்த விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். விலை இறங்கும் என்று தோன்றினால் வெல்லும் பக்கம் கட்ட வேண்டும். இறங்கியதும் வெல்லாத பக்கமும் கட்டிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். இரண்டு விலைக்கும் உள்ள இடைவெளிதான் லாபம்; அதன்பிறகு எந்தக் குதிரை வென்றாலும் ஒன்றுதான். விலை எந்தப் பக்கம் போகும் என்பதைப் திரையில் விலை ஓடும் படத்தின் கோடுகளைக் கொண்டு படிப்பது நிலாந்தியின் வழி.

குலசேகரம் வவுனியாவில் நில அளவைத் திணைக்களத்தில் இருபத்திரண்டு வருடம் படவரைஞராக இருந்துவிட்டு லண்டனுக்குக் குடிவந்தவர். கோடு என்றால் அவருக்கு உயிர்.

முதல் நாள் வாசலில் வைத்தே நிலாந்தி கேட்டாள்.

"இது சூதாட்டம் எண்டு ஆன்ரி சொல்லேல்லையா, அங்கிள்?"

"சொன்னவ."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"நான் குதிரையைப் பாக்கப் போகேல்லை, கோட்டைப் படிக்கப் போறன் எண்டு சொன்னன்."

நிலாந்தி சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தனக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

இரண்டு கிழமைக்குள் அவர் அவளை டீச்சர் என்று கூப்பிடத் தொடங்கினார். வேண்டாம் என்றாள். அவர் விடவில்லை.

கோடுகள் அவருக்கு வெகு சீக்கிரம் வசப்பட்டன. விலையின் சராசரி எப்படி வளைகிறது, ஏறும் விலை எந்த இடத்தில் திரும்பத் திரும்ப முட்டி இறங்குகிறது, எல்லாம் அவர் கண்ணுக்குத் துலக்கமாகத் தெரிந்தன. அந்த முட்டுகிற இடத்துக்கு நிலாந்தி 'கூரை' என்று பெயர் வைத்திருந்தாள். விலை இறங்கும் என்று கட்டுவதற்கு முன்பு மேலே ஒரு சிவப்புக் கோடு இழுப்பாள். அதுதான் கூரை. விலை அதைத் தாண்டி மேலே போனால் சிறு நட்டத்தோடு வெளியேறிவிட வேண்டும். குதிரைகள் கிளம்பும்போது உள்ளே இருக்கவே கூடாது. அவள் சொல்லித் தந்தது அவ்வளவுதான்.

குலசேகரத்துக்கு அவள் கோடு போடுவதைவிட வெளியேறுவதைப் பார்க்கத்தான் பிடித்தது. விலை சிவப்புக் கோட்டைத் தொட்டுத் தாண்டும். அவர் "அடடா" என்று நினைத்து முடிப்பதற்குள் அவள் வெளியே வந்திருப்பாள். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு அடுத்த ஓட்டத்தின் படத்தைத் திறப்பாள். திணைக்களத்தில் எத்தனையோ கெட்டிக்காரரோடு வேலை செய்தவர் அவர். தான் போட்ட கோட்டைத் தானே அழிக்கும்போது கொஞ்சமும் தயங்காத கையை அங்கே ஒருவரிடமும் கண்டதில்லை.

அந்த வியப்பில்தான் அவர் ஒரு கொப்பி வாங்கி அதில் எழுதி எண்ணத் தொடங்கினார். அவள் கட்டுவது ஒரு பக்கம், தன் வீட்டுக் கணினியில் தான் சிறிதாகக் கட்டுவது மறுபக்கம். இரண்டிலும் நூறு ஆனதும் கூட்டிப் பார்த்தார். பிறகு இன்னொரு தரம் கூட்டினார்.

மறுநாள் கொப்பியை அவள் முன்னால் வைத்தார்.

"டீச்சர், நூறில ஐம்பத்தேழு தரம் நீங்கள் பிழை."

"இருக்கும்."

"நான் இருபத்தாறு தரம்தான் பிழை."

"நல்லாப் படிக்கிறியள், அங்கிள்."

"அப்ப ஏன் நான் நட்டத்திலயும் நீங்கள் லாபத்திலயும் நிக்கிறம்?"

நிலாந்தி கொப்பியைப் பார்த்தாள். பாராட்டுகிற பார்வை அது. பிறகு எழுந்து தன் கதிரையைக் காட்டினாள்.

"இதில இருங்கோ. ரெண்டு நாப்பது மணி ஓட்டம். நீங்களே செய்யுங்கோ. என்ர கணக்கிலயே செய்யுங்கோ."

அவர் உட்கார்ந்தார். நாலாம் நம்பர் குதிரையின் படம் அழகாக இருந்தது. மூன்று தரம் ஒரே உயரத்தில் முட்டித் திரும்பிய விலை. அவர் சிவப்புக் கோட்டை இழுத்தார். கட்டினார். விலை இறங்கத் தொடங்கியது.

"வடிவு" என்றாள் நிலாந்தி.

ஓட்டத்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது விலை திரும்பியது. ஏறியது. சிவப்புக் கோட்டைத் தொட்டது. தாண்டியது.

குலசேகரத்தின் விரல் அசையவில்லை.

"திரும்பி வரும்" என்றார்.

நிலாந்தி திரையில் ஓடும் நேரத்தைப் பார்த்தாள்.

"மூண்டு தரம் திரும்பினது. இப்பயும் வரும், டீச்சர்."

விலை வரவில்லை. இன்னும் மேலே போனது. ஒரு நிமிடம் இருந்தது. பிறகு அரை நிமிடம். திரையில் குதிரைகள் பாய்ந்தன. இனி வெளியே வர வழியில்லை. நாலாம் நம்பர் கடைசி வளைவு வரை ஐந்தாவதாக ஓடியது. பிறகு எங்கிருந்தோ வந்து அரை உடல் நீளத்தில் வென்றது.

அந்த மேசையில் ஒரு மாதத்தில் வருவது அந்த ஒரே ஓட்டத்தில் வந்தது. குலசேகரம் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.

நிலாந்தி கையை நீட்டித் திரையை அணைத்தாள்.

"எழும்புங்கோ, அங்கிள். கொஞ்சக் காலத்துக்கு வராதேங்கோ."

"வெண்டிட்டம், டீச்சர்."

"ஓம். அதுக்குத்தான் பயமாக் கிடக்கு."

அவர் மனம் கசந்துதான் படியிறங்கினார். தன் கொப்பியைப் பார்த்து அவளுக்குப் பொறாமை என்றுகூட ஒரு நாள் நினைத்தார். மறுநாள் அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டார். ஆனால் விலை கோட்டைத் தாண்டியும் பொறுத்திருந்தால் திரும்பி வரும் என்ற எண்ணம் அவருக்குள் இறங்கிவிட்டது. வீட்டில் தனியாக, இந்த முறை சிறிதாக அல்ல, கட்டத் தொடங்கினார். நான்கு தரம் விலை கோட்டைத் தாண்டியது. நான்கு தரமும் பொறுத்திருந்தார். திரும்பி வந்தது.

ஐந்தாவது தரம் வரவில்லை. குதிரையும் வெல்லவில்லை.

வவுனியாவில் படுக்கையில் கிடக்கும் தன் அக்காவைப் போய்ப் பார்ப்பதற்கு அவரும் மனைவி சரோவும் இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தது அதோடு போயிற்று.

அன்றே சரோவிடம் சொன்னார். சரோ, "அக்காவுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்கோ, இந்த வருசம் வரேலாதெண்டு" என்றாள். சொன்னார். அக்கா ஏன் என்று கேட்கவில்லை. "அடுத்த வருசம் வா" என்று மட்டும் சொன்னாள்.

ஆறு கிழமைக்குப் பிறகு ஒரு மதியம் அவர் மீன்கடைப் படியில் ஏறினார். நிலாந்தி கதவைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அடுப்பில் தண்ணி வைத்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அன்று அவள் திரைகளைத் திறக்கவே இல்லை.

"நீங்கள் என்னை ஏசலாம்" என்றார்.

"ஏன் ஏச வேணும்? ஆன்ரிக்குச் சொல்லியிருக்கிறியள். அக்காவுக்குச் சொல்லியிருக்கிறியள். இஞ்ச வந்த கனபேர் அதைச் செய்யேல்லை."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எனக்கு ஒண்டுதான் விளங்க வேணும், டீச்சர். நீங்கள் வெளியேறின பிறகு எத்தினையோ தரம் விலை திரும்பி வந்தது. நான் பாத்தனான். அப்பிடியும் அடுத்த தரம் எப்பிடி வெளியேறுறியள்?"

நிலாந்தி யன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள்.

"ஆஸ்பத்திரியில என்ர முதல் வருசம். பிள்ளையளின்ர காய்ச்சல் படம் நான்தான் குறிக்கிறது. நாலு மணித்தியாலத்துக்கு ஒரு புள்ளி. ஒரு பிள்ளைக்குக் கோடு வடிவா இறங்கிக்கொண்டு வந்தது. தாய்க்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம். ஒரு பின்னேரம் கோடு ஏறிச்சுது. கொஞ்சம்தான். ஆனா படத்தில அடிச்சிருக்கிற எல்லைக்கு மேல. மேல போனா டொக்டரைக் கூப்பிட வேணும்."

"கூப்பிட்டனீங்களோ?"

"கூப்பிட்டன். வந்து பாத்தார். பிள்ளைக்கு ஒண்டுமில்லை. தாய் பிள்ளைக்கு ரெண்டு போர்வை போத்திவிட்டிருந்தவ. ஒண்டை எடுத்துவிட்டுட்டுப் போனார். அடுத்த மாசம் வேற பிள்ளை. கூப்பிட்டன். அதுக்கும் ஒண்டுமில்லை."

"கோவிச்சாரோ?"

"மூண்டாந் தரம் கோவிச்சார். ஐஞ்சாந் தரம் எனக்கு முன்னாலயே மற்ற நேர்ஸ்மாருக்குச் சொல்லிச் சிரிச்சார்."

"பிறகு?"

"அந்த வருசம் பதினொரு தரம் கூப்பிட்டன். ஒன்பது தரம் பிள்ளைக்கு ஒண்டுமில்லை."

"மற்ற ரெண்டு?"

"அந்த ரெண்டு பிள்ளையளையும் உடன அவசரப் பிரிவுக்குக் கொண்டு ஓடினவை. ரெண்டும் இப்ப பள்ளிக்கூடம் போகுதுகள்."

கீழே மீன்கடையில் யாரோ ஐஸ் கொட்டும் சத்தம் கேட்டது. குலசேகரம் அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"அந்த ரெண்டு பிள்ளையளையும் எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"நான் எங்க கண்டுபிடிச்சனான், அங்கிள்? பதினொரு தரமும் கூப்பிட்டனான்."