ஏவினால் கேளாத குட்டித் தசைகள்

அந்தக் காலத்தில், மலையும் விலங்கும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, உடம்பெல்லாம் அடர்ந்த ரோமம் இருந்தது மனிதருக்குத்தான். கரடிதான் மொட்டை. கழுத்திலிருந்து கால்வரை மொழுமொழுவென்று இருக்கும். இப்போதைய கரடியைப் பார்த்தவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் கதையைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அன்று உடம்புக்குள்ளிருந்த தசைகளுக்கும் வாய் இருந்தது. கைத்தசையும் கால்தசையும் நூல்நூலாகச் சேர்ந்து கயிறாய்த் திரண்டவை. தூக்கு என்றால் தூக்கும், ஓடு என்றால் ஓடும். நெஞ்சுக்குள் இருந்த தசை யாரையும் கேட்காமல் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். இவை போக, ஒவ்வொரு ரோமத்தின் வேரையும் ஒரு குட்டித் தசை பிடித்துக்கொண்டிருந்தது. குளிரடித்தால் அது சுருங்கும், ரோமம் குத்திட்டு நிற்கும், உள்ளே கதகதப்புத் தங்கும். ஆனால் யார் ஏவினாலும் கேட்காது. வீட்டுக்கு ஒரு பிடிவாதக்காரர் இருப்பாரே, அந்த ரகம்.

ஆற்றங்கரைக் குடிசையில் மாதி என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் நஞ்சன். மகள் நீலி அப்போதுதான் நடை பழகியிருந்தாள். ஐப்பசி மழையில் ஆறு பொங்கிய நாளில், கண்மூடித் திறப்பதற்குள் நீலி தண்ணீரில் விழுந்துவிட்டாள். மாதி அலறிக்கொண்டு ஓடுவதற்குள் கரையிலிருந்த ஒரு தாய்க்கரடி பாய்ந்து, பிள்ளையைக் கவ்வி வந்து அவள் மடியில் போட்டது. போட்ட வேகத்தில், கரையில் கிடந்த எதையோ கவ்விக்கொண்டு மேட்டுக் குகைக்கு ஓடிவிட்டது.

நீலி மூச்சுவிட்டாள், அழுதாள். நஞ்சனுக்கு உயிர் வந்தது.

"ரெண்டு தேனடை கொண்டுபோய்க் குடு புள்ள," என்றான். "கரடிக்கு அதுக்கு மேல என்ன வேணும்?"

மாதி தேனடையோடு குகைக்குள் நுழைந்தாள். அங்கே கண் திறக்காத குட்டி ஒன்று விறைத்துக் கிடந்தது. தாய் அதை நக்கி நக்கிப் பார்த்தது.

"தேன் வேணாம் தங்கச்சி," என்றது கரடி. "ஒம்புள்ள தண்ணியில போறதப் பாத்ததும் இவன மழையில கெடத்திட்டுக் குதிச்சுட்டேன். இப்பச் சூடு ஏற மாட்டேங்குது."

மாதி தேனடையைக் கீழே வைத்தாள். குட்டியை வாரி அணைத்தாள். லேசாக முனகியது. கீழே விட்டால் மறுபடி விறைத்தது. குளிர்காலம் முழுக்க அதை மடியிலேயே வைத்திருக்க முடியுமா? அவளுக்கும் வீட்டில் ஒன்று அழுதுகொண்டிருந்தது.

"என் ரோமத்தைத் தர்றேன் அக்கா," என்று தன் தோளில் கைவைத்து இழுத்தாள். கைத்தசை சொன்னபடி இழுத்தது. ஒரு ரோமம்கூட வரவில்லை.

"விட்டுத் தொலைங்களேன்!" என்று கத்தினாள்.

"மாட்டோம்," என்றன குட்டித் தசைகள். "ஒங்கையி ஒஞ்சொல்லக் கேக்கும். நாங்க கேக்க மாட்டோம்."

இழுத்து இழுத்துத் தோல் சிவந்துபோனது. மாதி ஓய்ந்து உட்கார்ந்து அழுதாள். கரடி அவள் பக்கம் திரும்பியது.

"விடு தங்கச்சி. நீ என்ன பண்ணுவ? ஒம்மக நல்லாருக்காளா? தண்ணி குடிச்சிருப்பா. குப்புறப் போட்டு முதுகத் தட்டிவிடு."

தன் பிள்ளை கண்முன்னே செத்துக்கொண்டிருக்க, இவள் பிள்ளையைப் பற்றிக் கேட்டது அந்தக் கரடி! மாதிக்குப் பேச வாய் வரவில்லை. ஏதோ ஒன்று முதுகுத்தண்டில் கிளம்பி உச்சந்தலைவரை ஓடியது. குட்டித் தசைகள் அத்தனையும் ஒருசேரச் சிலிர்த்துப் பிடியை விட்டன. அவள் ஏவவே இல்லை. தலைமுடி மட்டும் மிஞ்ச, உடம்பு ரோமம் முழுவதும் பொலபொலவென்று உதிர்ந்தது.

அள்ளிக் குட்டியின்மேல் போர்த்தினாள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. சிறிது நேரத்தில் குட்டி வாயைத் திறந்து பாலுக்குக் கத்தியது. கரடி அவள் கையை நக்கிக்கொண்டே இருந்தது.

வெற்றுடம்போடு வீடு திரும்பியவளைப் பார்த்து நஞ்சன், "யாரு புள்ள ஒன்ன இப்படி உரிச்சது?" என்று பதறினான். நீலியைத் தூக்கி முத்தமிட்டபடி, தன் குட்டி சாகக் கிடந்தபோதும் இவளைப் பற்றிக் கரடி கேட்டதை அவள் சொன்னாள். வாயாடி மனுஷன் வாயடைத்து நின்றான். அவன் ரோமமும் உதிர்ந்தது. அதையும் கூடையில் அள்ளிக்கொண்டு போய்த் தாய்க்கரடிக்குப் போர்த்தினார்கள். இந்த வெயில் நாட்டில் கரடிக்கு இத்தனை சடை எதற்கு என்று கேட்பவர்களுக்கு வேறு பதில் கிடையாது.

நாமெல்லாரும் அந்த இருவரின் வழிவந்தவர்கள்தானே. அன்று தொட்டுத்தான் நம் உடம்பில் பூனைமயிர் மட்டும் மிஞ்சியது. ஆனாலும் ஒருவர் நமக்குச் செய்த நன்மையை நினைத்துச் சொல்லிழந்து நிற்கும்போதெல்லாம், அந்தக் குட்டித் தசைகள் யாரும் ஏவாமலே சுருங்குகின்றன. நம்மிடம் இல்லாத ரோமத்தை எடுத்துக் கொடுக்கப் பார்க்கின்றன. மெய்சிலிர்ப்பு என்று நாம் சொல்வது அதைத்தான்.