சாத்தூருக்குப் போன டிரான்ஸ்பார்மர்

சுண்டங்குளத்தில் அருணகிரி என்று ஒருவர் இருந்தார். நல்ல மனுஷர். மாமனார் சண்முகவேலாயுதத்தின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி செட்டைத் தன் கையாலேயே செய்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அதுதான் ஆரம்பம்.

மாமனாரோ, "மாப்ள இதுவரை எந்தக் காரியத்தையும் முழுசா முடிச்சதில்ல. இதையாவது பாப்போம்" என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்தார். அருணகிரிக்குச் சோறு இறங்கவில்லை. துணைக்கு லூர்துசாமியையும் பூலோகபாண்டியையும் சேர்த்துக்கொண்டார். அதற்குப் பேசாமல் தனியாகவே கஷ்டப்பட்டிருக்கலாம்.

மூன்று பேரும் இரண்டு பெட்டிகள் செய்தார்கள். மைக்கில் வரும் மெல்லிய குரலைக் கொஞ்சம் தேற்றி விடுவது ப்ரீஆம்ப். தேறிய குரலை ஊர் கேட்கப் பெருக்குவது ஆம்ப்ளிபயர். வீட்டுக் கரண்டைத் தணித்து இரண்டுக்கும் ஊட்ட ஒரே ஒரு டிரான்ஸ்பார்மர்.

"ஒருத்தரே ரெண்டு பேருக்கும் ஊட்டினா சண்டை வராதா?" என்றான் பூலோகபாண்டி.

"பெரியதுக்கு முதல்ல, சின்னதுக்கு அப்புறம்" என்று தீர்ப்புச் சொன்னார் அருணகிரி.

வயரை மாட்டிச் சுவிட்சைப் போட்டதும் ஸ்பீக்கர் 'ம்ம்ம்ம்' என்று இரைந்தது. பேசினாலும் ம்ம்ம், பேசாவிட்டாலும் ம்ம்ம். பயந்துபோய் ரேடியோ மெக்கானிக் இக்பால் பாயிடம் ஓடினார்கள்.

பாய் கையிலிருந்த வேலையை விட்டுத் தலை நிமிரவில்லை. "ரெண்டு பெட்டி எர்த்தையும் ஒரே இடத்துல சேருங்க. டிரான்ஸ்பார்மர ப்ரீஆம்ப்கிட்ட வைக்காதீங்க. முடிஞ்ச மட்டும் தூரமா வைங்க. அவ்வளவுதான்."

வழியெல்லாம் யோசித்தார்கள்.

"எர்த்துன்னா மண்ணுதானே?" என்றான் லூர்துசாமி.

"மண்ணேதான்."

ப்ரீஆம்ப் செய்தது லூர்துசாமி வீட்டில். ஆம்ப்ளிபயர் செய்தது அருணகிரி வீட்டில். இரண்டு வீட்டு மண்ணையும் ஆளுக்கொரு சட்டி அள்ளிவந்து ஒரே வாளியில் கொட்டிப் பிசைந்தார்கள். ஸ்பீக்கர் முன்போலவே இரைந்தது.

"சரி, தூரம்தான் பாக்கி" என்றார் அருணகிரி. டிரான்ஸ்பார்மரை ஒரு முழம் தள்ளி வைத்தார். இரைச்சல் கொஞ்சம் குறைந்தது. வயரை இழுத்து வாசல்வரை கொண்டுபோனார். இன்னும் குறைந்தது. அவருக்கு மாமனார் முகம் கண்ணில் தெரிந்தது. சிரித்த முகம்.

"வாசலுக்கே இவ்வளவு குறைஞ்சா, சாத்தூருக்குப் போனா எவ்வளவு குறையும்" என்றான் பூலோகபாண்டி. "லூர்தோட அக்கா வீடு அங்கதானே?"

"வயர் எட்டாதே" என்றார் அருணகிரி.

லூர்துசாமி நிதானமாக விளக்கினான். "கரண்டு எல்லா ஊருக்கும் ஒண்ணுதான அண்ணாச்சி. அங்க சொருகினா இங்க வந்துட்டுப் போகுது."

அருணகிரிக்கு அது சரியாகப் பட்டது. லூர்துசாமி டிரான்ஸ்பார்மரை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான். போய்ச் சேர்ந்ததும் போன் செய்தான். "சொருகிட்டேன் அண்ணாச்சி. இங்க லேசா ம்ம்ம்னு இரையுது."

அருணகிரி ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார். துளிச் சத்தம் இல்லை. "இரைச்சல் சாத்தூருக்கே போயிட்டுடே" என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியது.

விசேஷத்தன்று பெட்டிகளின் வயர் நுனிகளைச் சாத்தூர் இருக்கும் திசை பார்த்துத் திருப்பி வைத்தார்கள். சண்முகவேலாயுதம் மைக்கைப் பிடித்து அரை மணி நேரம் பேசினார். வாய் அசைந்தது. முதல் வரிசைக்கே ஒன்றும் கேட்கவில்லை. ஜனங்கள் அருணகிரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பூலோகபாண்டியைப் பார்த்தார்.

பூலோகபாண்டிதான் எழுந்தான். "யாரும் சங்கடப்படாதீங்க. கரண்டு அவ்வளவு தூரத்துலேருந்து வரணும்லா. சத்தம் வழியில இருக்கு. நாளைக்கு இதே நேரம் வாங்க, கேக்கும்."

சுண்டங்குளத்து ஜனங்கள் நியாயம் தெரிந்தவர்கள். சாப்பிட்டுக் கலைந்தார்கள். மறுநாள் சொன்ன நேரத்துக்கு வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். முதல் வரிசையில் சண்முகவேலாயுதமே இருந்தார்.

"மாமா, பேசினதே நீங்கதானே?" என்றார் அருணகிரி.

"பேசின வேகத்துல என்ன பேசினேன்னு மறந்துபோச்சு மாப்ள. வரட்டும், கேட்டுக்கிடுதேன்" என்று சொல்லி அவர் தொண்டையைச் செருமினார்.

அருணகிரி குனிந்து, மரியாதையாக அவர் காதில் சொன்னார்: "சத்தம் போடாதீங்க மாமா. நீங்க பேசுறது கேக்காமப் போயிரும்."