காற்றுத் தளத்துக்கு ஒரு துணி

"எந்தத் துணி பலம்னு மட்டும் சொல்லும்மா. மீதிய நான் பாத்துக்கிடுதேன்."

சந்தியாகு மூன்று துண்டுத் துணிகளை இசக்கியம்மாளின் மேசைமேல் வைத்தார். ஆற்றோரத்து ஊர்க்காரர். வெள்ளம் வந்தால் காற்றடித்த ரப்பர் படகோடு முதலில் இறங்குவது அவர்தான். படகின் தளத்தையும் அவரே இரண்டு துணிகளைச் சுற்றி ஓரத்தில் மட்டும் ஒட்டிக் காற்றடித்துச் செய்திருந்தார். போன மழையில் அது நடுவில் வயிறு போல உப்பிக்கொண்டது. நிறைமாதக்காரி ஒருத்தி வழுக்கித் தண்ணீரில் விழுந்தாள்.

தூக்கிவிட்டார்கள். ஆனாலும் அவள் போட்ட சத்தம் இன்னும் அவர் காதை விட்டுப் போகவில்லை. துணி மெல்லிசு என்பது அவர் கட்சி. அடுத்த மழைக்கு இருபது நாள்கூட இல்லை.

இசக்கியம்மாள் அவரைவிட இருபது வயது இளையவள். துறைமுகத்துப் பக்கம் இந்த மாதிரிப் படகுகளைப் பழுது பார்க்கிறாள். இந்த வேலையில் அவளை மிஞ்ச அங்கே ஆள் இல்லை. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கமும் அவளிடம் இல்லை.

அவள் துணிகளைத் தொடவே இல்லை. மூலையில் கிடந்த பழைய தளமொன்றை இழுத்துப் போட்டுக் காற்றடித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கச் சொன்னாள்.

பலகை மாதிரி இருந்தது. சந்தியாகு குதித்தும் பார்த்தார், அந்த வயதில்.

"இங்கன மட்டும் மேடா இருக்கே?"

"இருக்கும்."

"இந்த இடத்துல துணி மெல்லிசோ?"

அவள் காற்றை இறக்கிவிட்டுக் கத்தியை நீட்டினாள். மேல்துணி கீழ்த்துணி இரண்டையும் சேர்த்து மேட்டில் ஒரு துண்டு, சமமான இடத்தில் ஒரு துண்டு வெட்டச் சொன்னாள்.

இரண்டும் ஒரே துணி. தடவினார், மடக்கினார், பல்லால் கடித்தும் பார்த்தார். வித்தியாசம் பிடிபடவில்லை.

"மேலயும் கீழயும் பிடிச்சு இழுங்க அண்ணாச்சி."

மேட்டுத் துண்டு இரண்டாகப் பிரிந்து கையோடு வந்துவிட்டது. உள்ளே அறுந்த நூல்கள் பிசிறாக நின்றன.

அடுத்ததை இழுத்தார். நான்கு விரல் அகலம் விலகியது. காலை ஊன்றி இழுத்தும் அதற்கு மேல் வரவில்லை. இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார். மேல்துணிக்கும் கீழ்த்துணிக்கும் நடுவே நெருக்க நெருக்கமாக நூல்கள் விறைத்து நின்றன. ஒவ்வொன்றும் தையல் நூல் கனம்தான்.

கொஞ்ச நேரம் அதை இழுப்பதும் விடுவதுமாகவே இருந்தார்.

"இப்பச் சொல்லுங்க. மூணுல எது வேணும்?"

சந்தியாகு தாம் கொண்டுவந்த துணிகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நூலைக் காட்டும்மா."