கொழுக்கட்டை என்றோர் எழுத்துரு

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி ஆட்டோ போய்விட்டது. ஆட்டோவுக்குள் ஒரு பெண் பிரசவ வலியில் கத்திக்கொண்டிருந்தாள். அடுத்த பாலம் வரை போய்த் திரும்பி வந்த டிரைவர், அவளை உள்ளே அனுப்பிவிட்டு வாட்ச்மேன் மேல் பாய்ந்தார்.

"அவசர சிகிச்சைன்னு போர்டு வைக்க மாட்டியளாவே?"

"தலைக்கு மேல பாரும்."

டிரைவர் அண்ணாந்து பார்த்தார். "இதா? தூரத்துல இட்லி அடுக்கி வச்ச மாதிரில்லா இருக்கு!"

பக்கத்தில் நின்ற பொன்னுலிங்கத்துக்குக் காது சூடேறியது. அந்த எழுத்துருவை வரைந்தது அவர்தான். பத்திரிகை வேலையை விட்டுவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் கம்ப்யூட்டரில் எழுத்து வரையக் கற்கிறார். முனையெல்லாம் உருண்டு, உடம்பெல்லாம் தடித்த எழுத்து. கொழுக்கட்டை என்று பேரும் வைத்தாயிற்று. ஊருக்கு முன்னால் ஏறிய முதல் பலகை இது.

சாயங்காலமே கழற்றிவிட்டார்கள்.

அவருக்குச் சொல்லித்தரும் ஜெரினாவுக்கு அவர் வயதில் பாதிதான். நடந்ததை அவளிடம் சொன்னார்.

"அந்தப் பொண்ணு எப்படி இருக்கா, அண்ணாச்சி?"

"நல்லா இருக்கா டீச்சர். பிள்ளையும் சுகம். போர்டைத்தான் மாத்தித் தரணும். இன்னும் கொஞ்சம் தடிமன் ஏத்திடுறேன். எழுத்துன்னா கண்ணுல அறையணும்லா?"

ஜெரினா திரையைப் பார்த்தாள். 'அ' திரை முழுக்க உப்பிக் கிடந்தது. அதன் சுழிக்குள் ஊசி நுழையும் அளவுக்குத்தான் வெள்ளை மிச்சம்.

"புது போர்டு வர்ற வரைக்கும் யாரு வழி காட்டுவா?"

"வாட்ச்மேன் இருக்காரே."

"நீங்க போய் நில்லுங்க. கண்ணுல அறையற மாதிரி."

கோபம் வரத்தான் செய்யும். வந்தது. ஆனாலும் காலையில் பளீரென்று மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு போனார். கேட்டுக்கு நட்டநடுவில், இரண்டு கையையும் விரித்து நின்றார். போகிறவன் வருகிறவன் எல்லாம் அவரைத்தான் பார்த்தான்.

ஆட்டோ ஒன்று வேகமாக வந்து அவர் முழங்கால் பக்கத்தில் நின்றது. பின் சீட்டில் ஒரு கிழவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

"இதுதான் ஆஸ்பத்திரி! இதுதான்!" என்று கத்தினார் பொன்னுலிங்கம்.

"தெரியுது அண்ணாச்சி! உங்களத்தான் நல்லாத் தெரியுது! உள்ள போக வழியை விடுங்க!"

பொன்னுலிங்கம் திரும்பிப் பார்த்தார். வாசலை அவரேதான் அடைத்துக்கொண்டு நின்றார். சட்டென்று ஒதுங்கினார். ஆட்டோ உள்ளே போனது.

அப்புறம் அவர் அங்கே நிற்கவில்லை. வாட்ச்மேனை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். எழுத்தின் வெளிப்பக்கத்தைத் தொடவில்லை. 'அ'வின் சுழிக்குள் போய்க் கறுப்பைச் சுரண்டினார். 'சை'க்கு இரண்டு சுழி, இரண்டையும் திறந்தார். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

புதுப் பலகை ஏறியது.

"டீச்சர், இப்பதான் எனக்கு..." என்று ஆரம்பித்தார்.

"போர்டு ஏறியாச்சா, அண்ணாச்சி?"

"ஏறியாச்சு."

"அப்போ நாளைக்கும் போய் நடுவாசல்ல நில்லுங்க. அதே மஞ்சள் சட்டையோட."

மறுநாள் எதிர்ப்பக்க டீக்கடையில், வெள்ளைச் சட்டையில் நின்றபடி டீ குடித்தார். தூரத்திலிருந்து ஒரு ஆட்டோ வந்தது. யாரையும் எதுவும் கேட்காமல் திரும்பி உள்ளே போனது.

டீச்சர் சொன்ன இடத்தில் அவர் நிற்கவில்லை.