நண்டின் முதுகில் இருந்த பஞ்சு

கடலடிப் பாறை ஒன்றில் சிவப்புக் கடற்பஞ்சும் மஞ்சள் கடற்பஞ்சும் பக்கம் பக்கமாக வளர்ந்திருந்தன. சிவப்புப் பஞ்சின் துளைக்குள் ஓர் இறால் குடியிருந்தது. அதற்கு வயிறு நிறைய முட்டை.

ஒருநாள் இழுவலை ஒன்று பாறையைச் சுரண்டிக்கொண்டு போனது. இரண்டு பஞ்சுகளும் பொடிப்பொடியாகிக் கலந்துபோயின.

"ஐயோ, என் வீடு!" என்று அலறியது இறால்.

பொடிகள் சும்மா கிடக்கவில்லை. ஒன்றையொன்று தொட்டுப் பார்த்தன. சிவப்பு, சிவப்பைத் தொட்டதும் ஒட்டிக்கொண்டது. மஞ்சளைத் தொட்டதும் விலகியது. சில நாளில் சிவப்புப் பஞ்சு மறுபடி எழுந்து நின்றது, துளைகளோடு. மஞ்சளும் அப்படியே.

அவசர அவசரமாக நுழையப் போன இறாலைக் குறுக்கே நின்று மறித்தது நண்டு. பாறைக்குத் தானே தலைவர் என்று சொல்லிக்கொள்ளும் நண்டு. முதுகில் எப்போதும் ஒரு கறுப்புப் பஞ்சைச் சுமந்து திரியும். மேலிருந்து பார்த்தால் கல் மாதிரி இருக்கும்.

"நில்லு! பஞ்சுங்களைப் பார்த்தியா இல்லையா? அவங்கவங்க இனத்தோடதான் இருக்கணும்னு இயற்கையே சொல்லிடுச்சு! இறாலுக்கு இங்க என்ன வேலை?"

"உங்ககிட்ட எப்போ வந்து சொல்லிச்சு? அதுங்க ஒட்டினது ஒரே உடம்பா ஆகுறதுக்கு! என்னை விரட்டுறதுக்கா? அப்படின்னா இத்தனை வாசல் எதுக்கு?"

"வாயாடாதே! விதின்னா விதிதான்!"

"ஆமாம், ஆமாம்!" என்றன வேடிக்கை பார்க்கக் கூடிய மீன்கள். இவற்றுக்கு எதைச் சொன்னாலும் ஆமாம்தான்! இறாலுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. முட்டைகள் எந்த நேரமும் பொரிந்துவிடும்.

"சரி அண்ணே, விதி எல்லாருக்கும்தானே?"

"எல்லாருக்கும்தான்!"

"அப்போ உங்க முதுகில இருக்கிறது என்ன? நண்டா?"

மீன்கள் சிரித்துவிட்டன. "பதில் சொல்லுங்க தலைவரே!"

நண்டுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இது எனக்குத் தேவையே இல்லை!" என்று பஞ்சைக் கழற்றி எறிந்தது.

பாறையிடுக்கில் இருந்த, நண்டு தின்னும் எட்டுக் கைப் பேய்க்கணவாய் கண்ணைத் திறந்தது. "அட! இத்தனை நாளா கல்லுன்னுல்ல நினைச்சேன்!"

"எடுத்துப் போட்டுக்கங்க அண்ணே, சீக்கிரம்!" என்று கத்தியது இறால்.

நண்டு பஞ்சைப் பார்த்தது. மீன்களைப் பார்த்தது. இத்தனை பேர் முன்னால் எப்படிக் குனிவது?

அந்த யோசனை முடிவதற்குள் எட்டுக் கைகளும் வந்துவிட்டன.

"சொன்னா கேட்டாத்தானே!" என்று அலுத்துக்கொண்டே இறால் தன் வாசலுக்குள் நுழைந்தது.

தன்னவரோடு ஒட்டிக்கொள்வது இயற்கை; அதைச் சாக்காக்கி அடுத்தவரை வாசலில் மறிப்பவர், தாம் யார் தயவில் பிழைக்கிறோம் என்று முதலில் தம் முதுகைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.