உட்கார்ந்திருந்த ஏழு பேர்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்காதீர்கள், ஒரு ராஜா இருந்தார். சடுகுடு என்றால் அவருக்கு உயிர். சோறு தண்ணீர்கூட வேண்டாம். அப்பேர்ப்பட்டவர் ஒரு வருடம் போட்டியின் நடுவிலேயே வாயைப் பிளந்து கொட்டாவி விட்டார்!

பாவம், அவர் என்ன செய்வார்? எட்டு அணிகள் மோதினாலும் ஒன்பது வருடமாக வெல்வது தளபதி இடும்பராயரின் அணிதான். அந்த நாட்டு வழக்கம் அப்படி. ஜெயித்த அணி, தோற்ற ஒவ்வோர் அணியிலிருந்தும் தனக்குப் பிடித்த ஒருவனைக் கூட்டிக்கொண்டு போகலாம். நல்ல ஆட்டக்காரன் எங்கே தலைகாட்டினாலும் அடுத்த வருடம் தளபதியின் கூடாரத்தில் இருப்பான். ஜனங்கள் பார்க்க வருவதையே விட்டுவிட்டார்கள்.

ராஜா அவை விகடகவி மருதக்கூத்தனைக் கூப்பிட்டார். "விகடகவியாரே! வரும் பௌர்ணமிக்குள் ஓர் அணி திரட்டித் தளபதியின் அணியோடு மோதவிடும். ஆட்டத்தில் நான் ஒரு கொட்டாவி விட்டாலும் நீர் நாட்டைவிட்டே போக வேண்டியதுதான்!"

ராஜா இவனோடு சிரித்துப் பேசுவதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்து கிடந்த தளபதி, இதுதான் சமயமென்று எழுந்தார். "மகாராஜா, வேலையில் இருப்பவர்களை இழுத்தால் நாடு என்னாவது? சும்மா உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் இவர் சேர்த்துக்கொள்ளட்டும்."

"அப்படியே ஆகட்டும்! சும்மா உட்கார்ந்திருப்பவன் எவனாயினும், கூத்தன் கூப்பிட்டால் எழுந்து போக வேண்டும். இது ராஜ கட்டளை!"

தளபதி மீசையை முறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். சோம்பேறிகளை வைத்து இவன் என்ன கிழிக்கப்போகிறான்?

மருதக்கூத்தன் சத்திரத்துப் பக்கம்கூடப் போகவில்லை. நேரே தளபதியின் கூடாரத்துக்கே போனான். அங்கே ஏழு பேர் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அறுபது பேருக்கு மேல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"செங்கோடா, கடைசியாக எப்போது ஆடினாய்?" என்று அவர்களில் ஒருவனைக் கேட்டான்.

"எங்க ஊர்ல இருந்தப்ப ஆடுனதுதாங்க சாமி. இங்க வந்து ஆறு வருசமாச்சு. உக்காந்து உக்காந்து இடுப்பே செத்துப்போச்சு!" அவன் கண் கலங்கிவிட்டது.

"எழுந்திரு!"

அவனையும் சேர்த்து ஏழு பேரை எழுப்பினான். தளபதி ஓடோடி வந்தார். "இவர்கள் என் வீரர்கள்!"

"தங்கள் வீரர்கள்தான், தளபதியாரே. என்ன வேலை செய்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்."

செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. பௌர்ணமியன்று மைதானத்தில் எள் போட்டால் விழாது! மரத்தில்கூட ஆட்கள்! ஆட்டமா அது? இவன் ஒருவனைத் தொட்டால் அவன் இருவரைத் தொடுகிறான். மூச்சுவிடாமல் 'சடுகுடு' பாடிக்கொண்டு கடைசிப் பாட்டுக்குச் செங்கோடன் எதிர்ப்பக்கம் போனபோது தளபதி அணிக்கு ஒரு புள்ளி அதிகம். பாய்ந்து இருவரைத் தொட்டுவிட்டான். ஐந்து பேர் அவன்மேல் விழுந்தார்கள்.

"விடாத! இழுத்துக்கிட்டு வா!" என்று ஜனங்கள் அலறினார்கள். ராஜா சிம்மாசனத்தின் மேலேயே ஏறி நின்றுவிட்டார். கிரீடம் எங்கே உருண்டதோ தெரியவில்லை. செங்கோடன் கையை நீட்டினான். கோட்டுக்கு ஒரு விரற்கடை இருக்கையில் மூச்சு அறுந்தது.

"ஜெயித்தோம்! கூத்தன் நாட்டைவிட்டுப் போகட்டும்!" என்று தளபதி குதித்தார்.

"மகாராஜா, கொட்டாவி வந்ததா?" என்று கேட்டான் மருதக்கூத்தன்.

"மூச்சே வரவில்லை, இதில் கொட்டாவி எங்கே!" தொண்டை கட்டிப்போன ராஜா முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேளும்!"

"வழக்கத்தைத் திருப்பிப் போடுங்கள், மகாராஜா. இனி தோற்ற அணிதான் ஜெயித்த அணியிலிருந்து ஆளெடுக்க வேண்டும்."

"தந்தேன்! தோற்றவர் நீர்தானே? யார் வேண்டும், எடும்!"

தளபதி தன் ஏழு பேரையும் கைகளை விரித்து மறைத்துக்கொண்டு நின்றார்.

"அவர்கள் வேண்டாம், மகாராஜா. அத்தனை பேரையும் தேடிப் பொறுக்கிய கண் இருக்கிறதே, அது வேண்டும். தளபதியாரையே எடுத்துக்கொள்கிறேன்!"

ராஜா சிரித்த சிரிப்பில், கிரீடத்தைத் தேடியெடுத்து வந்த சேவகன் கையிலிருந்து அது இன்னொரு முறை உருண்டது.