சீகை நிழல்

சோலைக்காட்டை மீட்கும் வேலை கற்றுக்கொள்ள மலையேறி வந்தபோது சற்குணத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடம் சாலை போட்டு ஓய்வு பெற்றவர். அவருக்குக் குருவாக வாய்த்த பிலோமினா தாவர ஆராய்ச்சி செய்பவர்; அவரைவிட இருபது வயது இளையவர்.

அந்த மலையில் எப்போதோ சோலை மரங்களை அழித்துவிட்டு, தோல் பதனிடும் பட்டைக்காக வெளிநாட்டுச் சீகை மரத்தை நட்டிருந்தார்கள். அது மலை முழுக்கப் பரவிவிட்டது. சற்குணத்திடம் ஒரு சரிவை ஒப்படைத்தார்கள். ரம்ப மெஷினை வைத்துக்கொண்டு ஒரு மரம் விடாமல் அறுத்துத் தள்ளினார். சோலைக் கன்றுகளை நட்டார். மழை பெய்தது. வெட்டிய இடமெல்லாம் நாற்றங்கால் மாதிரி சீகைதான் முளைத்தது. பிடுங்கினார். அடுத்த மழைக்கு மறுபடியும் வந்தது. அவர் நட்ட கன்றுகளோ வெயிலிலும் பனியிலும் கருகின. மூன்று வருடத்தில் உள்ளங்கை காய்த்துப்போனதுதான் மிச்சம்.

இந்தச் சனியன் எப்போதுதான் ஒழியும் என்று பிலோமினாவிடம் கேட்டார். மண்ணுக்குள் கிடக்கும் சீகை விதை பல வருடம் உயிரோடு இருக்கும், மேலே வெயில் பட்டால் போதும், முளைத்துவிடும் என்றார் அவர். பிறகு, பக்கத்துச் சரிவில் வெட்டாமல் விட்டிருந்த சீகைக் காட்டுக்குள் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வரச் சொன்னார்.

சற்குணத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பகையாளி வீட்டில் போய் விருந்தாடச் சொல்கிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். இரண்டு நாள் அட்டைக்கடிதான் மிஞ்சியது. மூன்றாம் நாள் பொறுமை போய்விட்டது. மெஷினை எடுத்துவந்து, கண்ணெதிரே நின்ற பெரிய சீகையைச் சாய்த்தார்.

மரம் விழுந்த இடத்தில் பச்சையாக ஒரு வாசனை எழுந்தது. சீகையின் வாசனை அல்ல. கிளைகளை விலக்கிப் பார்த்தார். முழங்கால் உயரக் கன்றுகள் நசுங்கிக் கிடந்தன. காட்டு நாவல். அவர் நட்டு நட்டுத் தோற்ற அதே சோலை மரம். ஒரே ஒரு கன்று மட்டும் தப்பி நின்றது.

ஓடிப்போய் பிலோமினாவை அழைத்துவந்தார்.

"இதையெல்லாம் யார் நட்டது?"

"யாரும் நடலண்ணே. பறவை போட்ட விதை. சீகை நிழல்ல தானா வந்தது."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நாலு வருஷமா அளந்துட்டிருக்கேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். மூணு தடவை. மெஷின் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல."

மரம் போன இடைவெளி வழியாக சுள்ளென்ற வெயில் சாய்வாக இறங்கி, தப்பிய கன்றின் மேல் விழுந்துகொண்டிருந்தது. பிலோமினா அதைப் பார்த்தார். வெட்டிய அடிமரத்தின் மேல் ஏறி நிற்கும்படி சற்குணத்திடம் சொன்னார். ஏறினார். அவருடைய நிழல் கன்றை மூடியது. பிலோமினா குத்தவைத்து உட்கார்ந்து, நசுங்கிய கன்றுகளில் வேர் பிழைத்தவை எவை என்று ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தார்.

அரை மணி நேரம் போனது. சற்குணத்துக்குக் கால் கடுத்தது. பிடரி எரிந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம் இப்படியே நிக்கணும்?"

பிலோமினா நிமிரவில்லை.

"இங்க நின்ன மரம் அதை ஒருநாளும் கேட்டதில்லண்ணே."